ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் கட்சிகள் இன்னும் இருக்கின்றனவா?

“சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் கட்சிகள் என்ன ஆயின? இன்னும் அதே மார்க்சிய-லெனினியம்தான் பேசுகிறார்களா? ஆட்சியில் பங்கு கிடைத்தால் என்னதான் செய்கிறார்கள்?” இதுதான் கேள்வி. பல வருடங்களாக இந்தக் கட்சிகளின் தேர்தல் முடிவுகளையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இருக்கின்றன. ஆனால் நாட்டுக்கு நாடு நிலைமை அடியோடு வேறு. சைப்ரஸில் அக்கெல் என்ற கம்யூனிஸ்ட் மரபுக் கட்சி 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில்கூட 21 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அதே தேர்தலில் கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 9.25 சதவீதம். ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராட்ஸுக்கு 2021இல் ஒரு கம்யூனிஸ்ட் மேயரானார். ஸ்பெயினில் 2020இல் தொழிலாளர் துறை அமைச்சரானவர் கம்யூனிஸ்ட் கட்சியில் வளர்ந்தவர். இன்னொரு பக்கம் இத்தாலியைப் பாருங்கள். 1976இல் மூன்று பேரில் ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்த நாடு அது, 34.4 சதவீதம். அந்தக் கட்சியே இப்போது இல்லை.

கொள்கையில் யார் உறுதியாக நின்றார்கள், யார் நெகிழ்ந்து போனார்கள் என்று பார்த்து இந்த ஏற்றத் தாழ்வை விளக்கப் பலர் முயல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நெகிழாத கிரேக்கக் கட்சி வளர்ந்திருக்கிறது. நெகிழாத போர்த்துக்கல் கட்சி தேய்ந்து கொண்டே போகிறது. நெகிழ்ந்த பிரெஞ்சுக் கட்சி கரைந்தது. நெகிழ்ந்த பெல்ஜியக் கட்சி பெருகியது. வாடகை கட்ட முடியாதவரும் சம்பளம் வராதவரும் தேர்தல் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் போய்க் கதவைத் தட்ட அந்தக் கட்சிக்கு ஓர் இடம் இருக்கிறதா, இல்லையா? என் கணக்கில் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இத்தாலியிலிருந்து தொடங்கலாம். 1970களில் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் கட்சிகள் மாஸ்கோவிடமிருந்து விலகி, தேர்தல், பல கட்சி முறை, நாடாளுமன்றம் ஆகிய வழியிலேயே சோசலிசத்துக்குப் போவோம் என்றன. ‘ஐரோப்பியக் கம்யூனிசம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. இத்தாலியக் கட்சியின் தலைவர் என்ரிக்கோ பெர்லிங்குவேர் நேட்டோவுக்குள் இருப்பதையும் ஏற்றுக்கொண்டார். 1984 ஜூனில் அவர் இறந்தார். சில நாட்களில் நடந்த ஐரோப்பியத் தேர்தலில் கட்சி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அப்புறம் ஏழே ஆண்டுகள்தான். பெர்லின் சுவர் திறந்து மூன்றாம் நாள், 1989 நவம்பர் 12 அன்று, போலோஞா நகரத்தின் போலோஞீனா பகுதியில் பழைய பாசிச எதிர்ப்புப் போராளிகள் கூடியிருந்தார்கள். அங்கே போன செயலாளர் அக்கீல்லே ஒக்கெட்டோ, எல்லாம் மாறலாம் என்று பேசினார். பெயரையும் மாற்றுவீர்களா என்ற கேள்விக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. 1991 பிப்ரவரியில் ரிமினி மாநாட்டில் கட்சி கலைக்கப்பட்டு வேறு பெயரில் புதுக் கட்சியானது. அதை ஏற்காமல் பிரிந்து போனவர்கள் தொடங்கிய புதிய கம்யூனிஸ்ட் கட்சியும், பிற இடதுசாரிகளோடு சேர்ந்து நின்ற 2008 தேர்தலில் 3 சதவீதத்தோடு நாடாளுமன்றத்துக்கு வெளியே போனது. ஊர் ஊராக இருந்த கிளை அலுவலகங்கள், கூட்டுறவுகள், கோடை விழாக்கள் எல்லாம் சேர்ந்த ஒரு முழு வாழ்க்கை அது. அதை ஒரு பெயர் மாற்றத்தில் கைவிட்டது ஐரோப்பிய இடதுசாரிகளின் மிகப் பெரிய இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிரான்ஸைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் 21 சதவீதம், 1981இல் 15, 2022இல் 2.3. பாரிஸைச் சுற்றியிருந்த ‘சிவப்பு வளையம்’ நகராட்சிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேசியச் செயலாளர் ஃபபியான் ரூசெலே வடக்கிலுள்ள தன் தொகுதியை முதல் சுற்றிலேயே தீவிர வலதுசாரிகளிடம் இழந்தார். ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் கோட்டையாக இருந்த பகுதி அது.

சரி, கிரேக்கத்துக்கு வருவோம். 1918இல் பிறந்த கட்சி. உள்நாட்டுப் போரில் தோற்று, 1974 வரை தடைசெய்யப்பட்டு, சிறையிலும் தீவுகளில் நாடு கடத்தலிலும் ஒரு தலைமுறையையே கொடுத்த கட்சி. அவர்களுடைய நிலைப்பாடு ஐரோப்பாவிலேயே கறாரானது. நம் ஊர்க் கட்சித் திட்டங்களைப் படித்தவர்களுக்கு ‘மக்கள் ஜனநாயகப் புரட்சி’ என்ற இடைக்கட்டம் தெரிந்திருக்கும். கிரேக்கக் கட்சி அந்தக் கட்டம் எதுவும் இல்லை என்கிறது. முதலாளித்துவத்திலிருந்து நேராக சோசலிசம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தைத் திருத்த முடியாது, வெளியேற வேண்டும். நேட்டோவிலிருந்தும் வெளியேற வேண்டும். முதலாளித்துவ அரசாங்கம் எதிலும் பங்கு கிடையாது.

2012இல் சிரிசா என்ற இடதுசாரிக் கூட்டணி விறுவிறுவென்று வளர்ந்தபோது “நீங்களும் சேர்ந்தால் இடதுசாரி அரசாங்கம் அமையுமே” என்று எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள். அந்த மே மாதம் 8.5 சதவீதமாக இருந்த வாக்கு ஜூனில் 4.5 ஆகச் சரிந்தது. கட்சிக்குள்ளேயே எத்தனை பேர் மனம் உடைந்திருப்பார்கள்! 2015 ஜூலையில் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று சிரிசா அரசு பொது வாக்கெடுப்பு நடத்தியது. 61 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் அதே அரசு இன்னும் கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. கம்யூனிஸ்டுகள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் வாக்கு உடனே திரும்பி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2023இல்தான் 7.7க்கு வந்தார்கள். நடுவிலே நடந்தது வேலை: பாமே என்ற அவர்களுடைய தொழிற்சங்க முன்னணி துறைமுகங்களிலும் ஆலைகளிலும் நடத்திய வேலைநிறுத்தங்கள், 2014 முதல் பாட்ராஸ் நகரத்தின் மேயராக அவர்களுடைய தோழர் நடத்திய நகராட்சி, 2022இல் பல்கலைக்கழக மாணவர் தேர்தலில் முதலிடத்துக்கு வந்த மாணவர் அணி. 2023 பிப்ரவரியில் டெம்பியில் இரண்டு ரயில்கள் மோதி 57 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே சிக்னல் அமைப்பு சரியில்லை என்று ரயில்வே சங்கத்தினர் எச்சரித்திருந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் மக்கள் தெருவுக்கு வந்தபோது, இந்தக் கட்சி அங்கே புதிதாக வந்து சேர வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் நான் அவர்களை முழுக்க ஏற்கிறேன் என்று எண்ண வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஒரே பாலினத்தவரின் திருமணச் சட்டம் வந்தபோது இந்தக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. ஒடுக்கப்பட்டவர்களின் கட்சி என்று சொல்லிக்கொண்டு அந்த வாக்கை எப்படி நியாயப்படுத்துவது? அவர்கள் தந்த விளக்கத்தைப் படித்தேன், எனக்கு ஒப்பவில்லை. ஸ்டாலின் காலத்தைப் பற்றிய அவர்களுடைய மதிப்பீடும் அப்படித்தான்.

போர்த்துக்கலை நினைத்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. தெற்கே அலெந்தேஜு சமவெளியில் பேஜா மாவட்டம் இருக்கிறது. கோதுமை வயல்கள், பெரும் பண்ணைகள், நிலமில்லாத கூலிகள். அங்கே பலெய்சாங் என்ற ஊரில் 1954 மே 19 அன்று அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டுப் போன பெண்களின் முன்னால் நின்றவர் கத்தரீனா எவுஃபேமியா. 26 வயது, கையில் கைக்குழந்தை. காவல் படை அதிகாரி ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். சர்வாதிகாரம் முடிந்த பிறகு அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் தியாகியாக, அந்த மண்ணின் அடையாளமாக ஆனார். 1974 புரட்சிக்குப் பின் அந்தக் கூலிகள்தான் பண்ணைகளைக் கைப்பற்றிக் கூட்டுப் பண்ணைகள் அமைத்தார்கள். 2025 மே 18 அன்று, அவருடைய நினைவு நாளுக்கு முதல் நாள், பொதுத் தேர்தல் நடந்தது. பேஜாவில் முதலிடம் பிடித்தது ஷேகா என்ற தீவிர வலதுசாரிக் கட்சி. கம்யூனிஸ்டுகளுக்கு அந்த மாவட்டத்தில் ஓர் இடமும் இல்லை. நாடு முழுவதிலும் சேர்த்து மூன்று இடங்கள்தான்.

ஏன்? காரணங்கள் பல. 2015இல் சோசலிஸ்ட் கட்சியின் சிறுபான்மை அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் உயர்ந்தன. பெயரெல்லாம் சோசலிஸ்டுகளுக்குப் போனது. 2021இல் வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்ததும் தேர்தல் வந்தது. பழியெல்லாம் இவர்களுக்கு வந்தது. இடங்கள் 12லிருந்து 6 ஆயின. வெளியிலிருந்து ஆதரவு தருவதில் உள்ள இந்தப் பொறி நம் இடதுசாரிகளுக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் அந்த ஊர்களிலேயே இருக்கிறது. கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. இளைஞர்கள் லிஸ்பனுக்குப் போனார்கள். இப்போது அங்கே ஒலிவத் தோப்புகளிலும் பசுமைக் குடில்களிலும் குனிந்து வேலை செய்பவர்களில் நிறையப் பேர் நேபாளம், வங்கதேசம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. வாக்குரிமை உள்ள முதியவர்களிடம் ஷேகா அந்தப் புதியவர்களைக் காட்டிப் பயமுறுத்துகிறது. கத்தரீனாவின் இடத்தில் இன்று நிற்கும் கூலிக்கும் கட்சிக்கும் நடுவே வாக்குச் சீட்டு இல்லை.

ஆட்சியில் பங்கு கிடைத்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

சைப்ரஸில் அக்கெல் தலைவர் திமீத்ரிஸ் கிறிஸ்டோஃபியாஸ் 2008 முதல் 2013 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் தலைவரான முதல் கம்யூனிஸ்ட் அவர்தான். தொழில்களை நாட்டுடைமையாக்கவில்லை, ஒன்றியத்திலிருந்து வெளியேறவும் இல்லை. தீவின் துருக்கியத் தரப்போடு சமாதானம் பேச உண்மையாகவே முயன்றார். வங்கி நெருக்கடியும் 2011இல் கடற்படைத் தளத்தில் 13 பேரைப் பலி வாங்கிய வெடிவிபத்தும் அவர் ஆட்சியை முடக்கிப் போட்டன. மறுபடி அவர் போட்டியிடவே இல்லை. அப்படியிருந்தும் அக்கெல் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் வேர்கள்: தொழிற்சங்கம், கூட்டுறவு, ஏன், கால்பந்துக் குழுகூட. 1948இல் கிரேக்க உள்நாட்டுப் போரில் வலதுசாரிப் பக்கம் நின்ற ஒரு குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட இடதுசாரி வீரர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ஒமோனியா. தலைநகர் நிக்கோசியாவில் யார் எந்தக் குழுவுக்குக் கைதட்டுகிறார் என்பதை வைத்து அவர் எந்தக் கட்சி என்று இன்றும் ஊகிக்கிறார்கள்.

ஸ்பெயினில் யோலாந்தா தியாஸ் தொழிலாளர் துறை அமைச்சரானார். ஓரிரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று துண்டு துண்டாக ஒப்பந்தம் போட்டு ஆட்களை அலைக்கழிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. ஊழியர்களில் நான்கில் ஒருவர் தற்காலிகம். முதலாளிகள் சங்கத்தையும் தொழிற்சங்கங்களையும் ஒன்பது மாதம் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசி, தற்காலிக ஒப்பந்தங்களுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2022 பிப்ரவரி 3 அன்று வாக்கெடுப்பு. 175க்கு 174. அந்த ஒரு வாக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கணினியில் தவறான பொத்தானை அழுத்தியதால் கிடைத்தது! அவைத் தலைவர் முதலில் தோற்றுவிட்டதாகவே அறிவித்து, அப்புறம் திருத்திக்கொண்டார். சில ஆண்டுகளில் தற்காலிக ஊழியர் பங்கு கிட்டத்தட்ட ஆறில் ஒன்றாகக் குறைந்தது. இது சோசலிசமா என்று கேட்டால், கிரேக்கத் தோழர்கள் ‘இல்லவே இல்லை, முதலாளித்துவத்துக்கு மெருகு போடும் வேலை’ என்பார்கள். மாதா மாதம் வேலை போய்விடுமோ என்று பயந்து வாழ்ந்த ஓர் ஓட்டல் பணிப்பெண்ணுக்கு அது நிம்மதியான தூக்கம். எனக்கு அந்தத் தூக்கம் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

2022இல் உக்ரைன் போர் வந்தது. கட்சிகளுக்கு நடுவே இருந்த விரிசல் வாய் பிளந்தது. இரண்டு பக்கமும் ஏகாதிபத்தியம்தான், இது முதலாளிகளின் போர் என்றது கிரேக்கக் கட்சி. வேறு சில கட்சிகள் ரஷ்யாவின் பக்கம் சாய்ந்தன. கிரேக்கக் கட்சி முன்னின்று 2013இல் உருவாக்கிய ஐரோப்பியக் கூட்டமைப்பு இந்தத் தகராறிலேயே 2023இல் கலைந்தது. போர்த்துக்கலில் உக்ரைன் குடியரசுத் தலைவர் செலென்ஸ்கி காணொளி வழியே நாடாளுமன்றத்தில் பேசியபோது கம்யூனிஸ்டுகள் அவைக்கு வரவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. படையெடுத்தவனைப் படையெடுத்தவன் என்று முதலில் சொல்லிவிட்டு, நேட்டோவைப் பற்றி அப்புறம் பேசியிருக்கலாம். லெனின் பெயரைச் சொல்லும் கட்சிக்கு, தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கிழக்கே கதை வேறு. அந்த நாடுகளில் ‘கம்யூனிசம்’ என்றால் பலருக்கு இரகசியப் போலீஸும் கடை முன் நின்ற வரிசையும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைவு பொய்யில்லை. செக் நாட்டில் மட்டும் கட்சி பெயரை மாற்றாமலேயே 2002இல் 18.5 சதவீதம் வாங்கியது. 2021இல் நாடாளுமன்றத்திலிருந்து வெளியே போனது. கம்யூனிசப் பிரசாரத்தை நாஜிப் பிரசாரத்தோடு ஒரே தட்டில் வைத்துத் தண்டிக்கும் சட்டத் திருத்தத்துக்கு 2025இல் அங்கே குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமை விடுவித்த சோவியத் படையின் கொடியையும் அந்த ஆஷ்விட்சைக் கட்டியவர்களின் கொடியையும் ஒன்றாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

இனி வளர்ந்த கட்சிகள். பெல்ஜியத்தின் உழைப்பாளர் கட்சி மாவோவியத்தில் பிறந்து, வெகுகாலம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாமல் இருந்தது. 1971இல் ஆண்ட்வெர்ப் நகரை ஒட்டிய ஹோபோகனில் அந்த அமைப்பின் இளம் மருத்துவர்கள் இலவச மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். பக்கத்திலிருந்த உலோக ஆலையிலிருந்து வந்த ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்திருப்பதைச் சோதித்துக் காட்டியவர்கள் அவர்கள்தான். இன்று அப்படிப் பதினொரு மருத்துவ நிலையங்கள். 2008இல் பழைய பேச்சு நடையை விட்டார்கள், மார்க்சியத்தை விடவில்லை. 2024இல் கிட்டத்தட்ட 10 சதவீதம், 15 இடங்கள். டச்சு பேசுபவர்களும் பிரெஞ்சு பேசுபவர்களும் தனித்தனிக் கட்சிகளாகப் பிரிந்து கிடக்கும் அந்த நாட்டில், நாடாளுமன்றத்தில் உள்ள ஒரே நாடு தழுவிய கட்சி இதுதான்.

கடைசியாகக் கிராட்ஸ். எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆஸ்திரியக் கம்யூனிஸ்ட் கட்சி 1959க்குப் பிறகு நாட்டின் நாடாளுமன்றத்தில் நுழையவே இல்லை. கிராட்ஸ் நகர மன்றத்தில் அந்தக் கட்சியின் எர்ன்ஸ்ட் கால்டெனெகர் என்ற ஒருவர் இருந்தார். அவர் 1990களின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார்: குடியிருப்பவர்களுக்கான அவசர அழைப்பு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி மிரட்டுகிறாரா, வாடகைக் கணக்கு புரியவில்லையா, முன்பணம் திரும்பி வரவில்லையா, கூப்பிடுங்கள். அவ்வளவுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து, வழக்கறிஞரைப் பிடித்து, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார்கள். 1998இல் நகர ஆட்சிக் குழுவில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. மற்றவர்கள் அவர் கையில் வீட்டுவசதித் துறையைக் கொடுத்தார்கள். 2003இல் கிராட்ஸ் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருக்கப் போகிறது என்று ஊரே விழாவுக்குத் தயாராகிக் கொண்டிருந்தது. தனிக் குளியலறையோ கழிப்பறையோ இல்லாத நகராட்சி வீடுகள் அப்போதும் நூற்றுக்கணக்கில் இருந்தன. பண்பாட்டுத் தலைநகரம் என்றால் எல்லா வீட்டிலும் குளியலறை வேண்டும் என்றார் கால்டெனெகர். வேலையும் நடந்தது. 2003 தேர்தலில் கட்சிக்கு 20.8 சதவீதம்.

அதே காலத்தில் இன்னொரு வழக்கத்தையும் தொடங்கினார்கள். பதவியில் இருப்பவர்கள் சம்பளத்தில் ஒரு திறமையான தொழிலாளியின் ஊதியம் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். மின்கட்டணம் கட்ட முடியாதவர், துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போன தனித்தாய், பள்ளிப் பயணத்துக்குப் பணமில்லாத பிள்ளை என்று தேடி வருகிறவர்களுக்குப் போகும். வருடக் கடைசியில் ‘திறந்த கணக்கு நாள்’ நடத்தி, எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று எல்லோர் முன்னாலும் வைப்பார்கள். ஏழைக்குப் பணம் கொடுத்து வாக்கு வாங்கும் வேலை என்று எதிர்க்கட்சிகள் திட்டின. நான் அப்படிப் பார்க்கவில்லை. உதவி கேட்டு வருகிறவர் தன் பிரச்சினையையும் கொண்டுவருகிறார். ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் ஒரே வீட்டு நிறுவனத்தைப் பற்றிச் சொன்னால், அடுத்த மாதம் நகர மன்றத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி தயார்.

கால்டெனெகருக்குப் பின் 2005இல் அந்தத் துறைக்கு வந்தவர் எல்கே கார். 2021 செப்டம்பர் 26 தேர்தலில் அவர் தலைமையில் கட்சி 28.8 சதவீதத்தோடு முதலிடம். பதினெட்டு வருடம் மேயராக இருந்த பழமைவாதக் கட்சித் தலைவர் அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார். நவம்பரில் கார் மேயரானார். பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகவாதிகளும் கூட்டணி. மேயரான பிறகும் மக்களைச் சந்திக்கும் நேரத்தை அவர் விடவில்லை. இதே வழியில் சால்ஸ்பர்க் நகரத்திலும் 2024இல் கட்சி 23 சதவீதம் வாங்கியது. இளைஞரான காய்-மைக்கேல் டாங்கில் துணை மேயரானார். இசைக்கும் பணக்காரச் சுற்றுலாவுக்கும் பேர்போன ஊரில் அவர் பேசியது ஒரே விஷயம்: வாடகை.

நகராட்சி வீட்டு வாடகையை மேயர் கட்டுப்படுத்தலாம். புதிய நகராட்சி வீடுகள் கட்டலாம். தனியார் வீட்டு வாடகையை அவரால் தொட முடியாது. ஆஸ்திரியாவில் வாடகைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. அது தலைநகர் வியன்னாவில் இயற்றப்படுகிறது. அந்த நாடாளுமன்றத்துக்குள் நுழையப் பொதுவாக 4 சதவீதம் வேண்டும். 2024 செப்டம்பரில், கிராட்ஸிலும் சால்ஸ்பர்க்கிலும் இத்தனை நடந்த பிறகு, நாடு முழுவதிலும் அவர்களுக்குக் கிடைத்தது 2.4 சதவீதம்.